புத்தகத்தில் ஏறாத பெயர்

உளவியல் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, ஆயர் குரோவில் உள்ள தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் வேலை செய்த தோழி சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசரே திரும்பிப் பார்த்தார்.

"மனுசன் மனச படிக்க யுனிவர்சிட்டி எதுக்குலா? இங்கயே லைன்ல உக்காரு. காலையில ஒருத்தி அழுவா, டீ டைம்ல இன்னொருத்தி அழுவா. பட்டம் வாங்கிட்டே வீட்டுக்குப் போயிடலாம்."

அவள் சொன்னதில் தப்பில்லை. எனக்குப் பள்ளிக்கூடமே பேச்சுதான். பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வேலையைப் பார்க்க ஆரம்பித்தபிறகு, சமையலறை மேசையில் உட்கார்ந்து நானாகவே படித்து, பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டிய எஸ்.டி.பி.எம். பரீட்சை எழுதினேன். புத்தகத்தில் படித்தது பாதி மறந்துபோகும். ஆனால் யாராவது ஒரு வார்த்தை நன்றாகச் சொல்லிவிட்டால் அது எனக்குள் தங்கிவிடும். பசாரில் மீன் விற்கிற அக்கா ஒருமுறை தன் கணவரைப் பற்றி, "அவரு வீட்டுல இருந்தாலும் வெளியூர்ல இருக்கற மாதிரிதான்" என்றார். மீனை வெட்டிக்கொண்டே சொன்னார். வீட்டுக்கு வந்து குழம்பு வைத்து இறக்கும் வரைக்கும் நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படி நாலு பேர் பேசுவதைக் கேட்டு, அதில் என்ன வலிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் உளவியல் என்று நம்பிக்கொண்டு போனேன்.

போன இடம் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம். அங்கே முதலில் கற்றுக்கொடுத்தது புள்ளியியல். கவலைக்கு ஒரு அளவுகோல், தனிமைக்கு ஒரு அளவுகோல், தூக்கம் வராததற்கு ஒன்று. என் மகள் வயதுப் பிள்ளைகள் கணினியில் தடதடவென்று தட்டிக்கொண்டு போவார்கள். நான் விரலால் தடவித் தடவிப் பார்ப்பேன். "கக், ரிலெக்ஸ்லா, கணினி கடிக்காது" என்று அக்கா முறை வைத்துச் சொல்லி ஒரு மலாய்ப் பையன் எனக்கு வழி காட்டுவான். ஒரு விரிவுரையில் நான் கை தூக்கி, நான் பிறந்த ரப்பர் தோட்டத்து அக்கா ஒருத்தியின் கதையைச் சொன்னேன். விரிவுரையாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல கதை. ஆனால் அது ஒருவருடைய கதை" என்றார். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். நானும் குறித்துக்கொண்டேன், கொஞ்சம் கோபமாக.

போகப் போகப் புரிந்தது. நாம் கேட்க விரும்புவதைத்தான் நம் காது கேட்கும். அதைத் தடுக்கத்தான் இத்தனை விதிகளும் அளவுகோல்களும். படிக்கப் படிக்க என் வாய் கொஞ்சம் அடங்கியது. வீட்டில் எல்லாருக்கும் அதில் சந்தோஷம்.

கடைசி ஆண்டு ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது, மனைவியை இழந்த வயதான ஆண்களின் துக்கம். தோட்டத்தில் வேலை செய்து, பிறகு பட்டணத்துக்கு வந்துவிட்ட நம் தமிழ் ஆட்கள். பெண்கள் எப்படியோ யாரிடமாவது பேசிவிடுகிறார்கள். ஆண்கள் நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டுக்கொண்டு சாலையைப் பார்ப்பதோடு சரி. என் ஆய்வுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஒரு மலாய்ப் பெண்மணி. நாங்கள் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். அதிர்ந்து பேசாத மனுஷி. "நீங்கள் பேசுவதைக் குறைத்துக்கொண்டால் நல்ல ஆய்வு வரும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

வாரக் கடைசியில் நான் ரயில் ஏறி இறங்குவது புலாவ் செபாங் நிலையத்தில். அங்கே கூடாரம் போட்டுத் தோசை சுட்டு விற்கிற ஒரு அக்கா உண்டு. என் படிப்பைப் பற்றி என் வீட்டுக்காரரைவிட அவருக்குத்தான் அதிகம் தெரியும். ஆய்வுக்கு ஆள் தேடுகிறேன் என்றதும் தோசைக் கரண்டியை ஆட்டிக்கொண்டே சொன்னார்.

"எங்க பக்கத்து வீட்டு அண்ணன் இருக்காரே, அவர வந்து பாரு தங்கச்சி. அண்ணி போனதுலருந்து மனுசன் சரியில்ல. எந்நேரமும் ஃபேன பாத்துக்கிட்டு உக்காந்துருக்காரு. ஃபேனுக்கே வெக்கமா இருக்கும்."

அப்படித்தான் அவரைப் பார்க்கப் போனேன். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

வரிசை வீடுகளில் ஓரத்து வீடு. பால்மரங்களை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டபோது தோட்டத்தை விட்டு வந்து குடியேறியவர்கள். மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். நான் அவரை மாமா என்று கூப்பிட்டேன். அவர் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு உள்ளே போய், ஒரு பிளாஸ்டிக் உறையில் மனைவியின் அடையாள அட்டையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"எழுதிக்கம்மா" என்று பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார். "யுனிவர்சிட்டி புக்குல வரும்னு தோசைக்கார தங்கச்சி சொல்லுச்சு. இந்தப் பேரு வரணும். அதுக்குத்தான் பேச ஒத்துக்கிட்டேன்."

சம்மதத்தாளை எடுத்து வாசித்துக் காட்டினேன். பெயரோ அடையாளம் காட்டும் விவரமோ எதிலும் வராது என்ற வரியை இரண்டாவது முறையும் வாசித்தேன்.

"என் பேரு வேணாம்மா. என் பேர வெச்சு யாரு என்னா பண்ணப் போறா? அவ பேரு மட்டும் போடு."

"ரெண்டு பேர் பேரும் போடக்கூடாது மாமா. எங்க டாக்டர் விடமாட்டாங்க."

"உங்க டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லு. கேட்டாத்தான என்னா?"

கேட்கிறேன் என்றேன். பதில் எதுவானாலும், வேண்டாமென்று தோன்றினால் அவர் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு அடையாள அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். பதிவுக் கருவியைத் தட்டினேன்.

அன்றைக்கு அவர் பேசியது மாதிரி ஒரு மனிதர் பேசி நான் கேட்டதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் பாம்பைவிட அட்டைப்பூச்சிக்குப் பயந்தது. பக்கத்து நிரையில் அவள் பாலுக்காக மரம் வெட்டும்போது முணுமுணுக்கிற பாட்டு. பிறகு அவள் படுக்கையில் விழுந்தது. கை இரண்டும் தூக்க வரவில்லை. தலை சிக்குப் பிடித்துப்போகிறது என்று அவள் அழுதாளாம். இவருக்குச் சடை பின்னத் தெரியாது. நைலான் கயிற்றை மூன்றாகப் பிரித்து ஜன்னல் கம்பியில் கட்டி, பின்னிப் பின்னிப் பழகியிருக்கிறார்.

"மொத நாள் பின்னினதப் பாத்துட்டு, கண்ணாடிய வாங்கிப் பாத்துட்டு, 'கப்பல் கட்டற கயிறாட்டம் இருக்கு'ன்னா. அப்பிடிச் சிரிச்சா."

அதைச் சொல்லிவிட்டு அவர் அழுதார். பிறகு, அவள் சாப்பிட மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்ட ஒரு நாளில் தட்டைத் தூக்கி எறிந்ததைச் சொன்னார். மகனிடம்கூடச் சொல்லாதது. எறிந்த சோற்றைக் கூட்டி அள்ளும்போது, அவள் கட்டிலில் இருந்தபடியே மன்னிப்புக் கேட்டாளாம். இவர் எறிந்ததற்கு அவள்.

"பசார் மாலாம் ராத்திரிச் சந்தைக்குப் போனா இப்பவும் அப்பம் பாலிக் வாங்கிட்டு வந்துடறேன். நான் இனிப்பே சாப்பிட மாட்டேன். வீட்டுக்கு வந்து பையப் பிரிக்கறப்பதான் யாருக்குடா வாங்கினோம்னு வருது. தோசைக்கார தங்கச்சிக்குக் குடுத்துடுவேன். அதுக்கு ஏற்கனவே சுகர்."

டாக்டரிடம் கேட்டேன். அவர் என் குறிப்புகளைப் படித்துவிட்டுத் தாள்களை மேசைமேல் வைத்தார். பிறகு, "தட்டை எறிந்ததை அவர் மகன் இதில் படித்தால்?" என்று கேட்டார். "சின்ன ஊர். பெயரைப் போட்டுவிட்டால் எல்லாமே தெரிந்துவிடும். இன்றைக்கு அவருக்கு அது பெரிதாகத் தெரியாது. என்றைக்காவது தெரியும். வேண்டுமானால் மாற்றுப் பெயரை அவரே வைக்கட்டும். சிலருக்கு அது பிடிக்கும்." நன்றியுரைப் பக்கத்திலாவது போடலாமா என்று கெஞ்சினேன். கூடாது என்று தலையை ஆட்டினார். அவர் சொன்னது நியாயம்தான் என்று எனக்கும் தெரிந்தது. அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

பதிவை எழுத்தாக்க உட்கார்ந்தேன். காதில் மாட்டிக்கொண்டு, ஓடவிட்டு, நிறுத்தி, எழுதி, மறுபடி ஓடவிட்டு. உளவியல் படிப்பில் எனக்குப் பிடித்த வேலை அது. ஒரு மனிதர் மூச்சை எங்கே வாங்குகிறார் என்பதுவரை தெரியும். எங்கள் விதிப்படி, பேச்சில் ஒரு பெயர் வந்தால் அந்த இடத்தில் பெயரை நீக்கிவிட்டு ஒரு குறியீட்டைப் போடவேண்டும். நான் அவர் மனைவியின் பெயருக்காகக் காத்துக்கொண்டே எழுதினேன். "அவ" என்றார். "வூட்டுக்காரி" என்றார். "பையனோட அம்மா" என்றார். ஓரிடத்தில் தோட்டத்துப் பெரட்டைப் பற்றிப் பேசினார். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்து, தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர் கூப்பிடுவார் இல்லையா, அந்தப் பெரட்டு.

"ஆம்பளைங்க வரிசை இந்தப் பக்கம். பொம்பளைங்க அந்தப் பக்கம். கிராணி அவ பேரச் சொல்லிக் கூப்பிடுவாரு. அவ 'ஆ'ன்னு குரல் குடுப்பா. நான் இந்தப் பக்கம் நின்னு கேப்பேன். நல்ல பேரும்மா அது..."

சொல்லப் போகிறார் என்று நினைத்து விரலைத் தயாராக வைத்துக்கொண்டேன். மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த பேச்சு மழையைப் பற்றி. முழுப் பதிவும் முடிந்துவிட்டது. நீக்குவதற்குப் பெயரே இல்லை. அடையாள அட்டையில் அந்தப் பெயரை நான் படித்திருக்கிறேனே தவிர, யார் வாயிலிருந்தும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எழுதியதைப் பேசியவரிடமே கொண்டுபோய், சரிதானா என்று வாசித்துக் காட்டுவது எங்கள் ஆய்வு முறைகளில் ஒன்று. அதற்காக ஒரு சனிக்கிழமை காலை மறுபடியும் போனேன். அவர் சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரிக் காத்திருந்தார்.

"கேட்டியாம்மா?"

"கேட்டேன் மாமா. முடியாதுன்னுட்டாங்க."

"நான் பேசவா?"

"அவங்க கையில இல்ல மாமா. ரூல் அது."

"என்னா ரூல்? பேப்பர்ல திருடன் பேரப் போடறான், போட்டோவோட. என் வூட்டுக்காரி பேரப் போட ரூல் இல்லயா?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. "அவளுக்குன்னு ஒரு கல்லு கூட இல்லம்மா. எரிச்சாச்சு. சாம்பலத் தங்கா பத்து கடல்ல கொண்டுபோய்க் கரச்சாச்சு. அலைமேல என்னாத்த எழுதறது? தோட்டத்த விட்டு வந்தப்புறம் யாரு அவ பேரச் சொன்னா? அக்கா, ஆன்ட்டி, அண்ணி... இப்பிடியே போயிடுச்சு. ஒரு புக்குல இருந்தா இருக்கும்னு பாத்தேன்."

மாற்றுப் பெயரைப் பற்றிச் சொன்னேன். நீங்களே ஒன்று வைக்கலாம் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"பொய்ப் பேரா? இன்னொருத்தி பேர நான் சொன்னா அவ என்னா நெனப்பா? ரெண்டாங்கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னு நெனப்பா."

தாள்களை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன், அவருடைய பேச்சை அவர் பேசியபடியே. அட்டைப்பூச்சி வந்த இடத்தில் தலையாட்டினார். சடை வந்த இடத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தட்டு வந்தபோது, "அத எடுத்துடவா மாமா?" என்று கேட்டேன். "வேணாம். இருக்கட்டும். நடந்ததுதான?" என்றார். வாசித்து முடித்துத் தாள்களை அடுக்கினேன்.

"அதுக்குள்ள எடுத்துட்டியாம்மா?" என்றார். குரல் மாறியிருந்தது.

"எத மாமா?"

"அவ பேர. நான் பேசினதுல எங்கயும் காணோமே. சம்மதம் கேக்காமயே எடுத்துட்டியா?"

"இல்ல மாமா. நீங்க சொல்லவே இல்ல."

"என்னாம்மா பேசற? அம்புட்டு நேரம் அவளப் பத்தித்தான பேசினேன். சொல்லாமயா இருந்திருப்பேன்?"

நான் பதிவை ஓடவிட்டேன். அவருடைய குரல் அந்தச் சின்ன ஹாலில் மறுபடியும் பேசியது. முதலில் அவர் கை கட்டிக்கொண்டு, இப்போது வரும் பார் என்பதுபோல் கேட்டார். பிறகு குனிந்து, கருவிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். பெரட்டு வந்தது. கிராணி வந்தார். "நல்ல பேரும்மா அது" வந்தது. மின்விசிறிச் சத்தம் வந்தது. அவர் நிமிரவில்லை. கடைசிவரை ஓடிக் கருவி நின்றபிறகும் அப்படியே இருந்தார்.

"கூப்பிட்டதே இல்லம்மா" என்றார் கடைசியில். "மொதல்ல எங்கம்மா முன்னாடி வெக்கம். அப்புறம் பையன் முன்னாடி. அப்புறம் யாரும் இல்ல, நாங்க ரெண்டு பேருதான். அப்பவும் 'இந்தாம்மா', 'இங்க பாரு'. பழகிப்போச்சு."

"அத்தை உங்க பேரச் சொல்லுவாங்களா?"

"அவளா? ஆஸ்பத்திரில நர்சு கேக்குது, ஹஸ்பண்ட் பேரு என்னான்னு. இவ என்னைக் கையக் காட்டி, 'அவரையே கேளுங்க'ங்கறா. உசிரு போற நேரத்துலயும்."

இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் கோணியது. துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"நீ கொஞ்சம் வெளிய நில்லும்மா."

நான் எழுந்து வெளியே வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். கருவி உள்ளே மேசையிலேயே அணைந்து கிடந்தது. பக்கத்து வீட்டு வாசலில் தோசைக்கார அக்கா வியாபாரம் முடிந்து வந்து, கால் நீட்டி உட்கார்ந்து மாவுப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, என்ன ஆச்சு என்று கையால் கேட்டார். நான் பொறுங்கள் என்று கை காட்டினேன்.

உள்ளேயிருந்து அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மெதுவாக, தொண்டையைச் செருமிக்கொண்டு. பிறகு இன்னொரு தடவை, சமையலறையில் இருப்பவளை ஹாலிலிருந்து கூப்பிடுகிற மாதிரி. மூன்றாவது தடவை தெருவுக்கே கேட்டது. கூப்பிட்டுவிட்டு, பதில் வருவதற்கு எவ்வளவு நேரம் விடுவார்களோ அவ்வளவு நேரம் விட்டார்.

அக்கா தேய்ப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"யார தங்கச்சி கூப்பிடறாரு? உள்ள யாராச்சும் வந்துருக்காங்களா?"

நான் அக்கா பக்கம் இரண்டடி வைத்தேன். அதற்குள் அவரே வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஒங்க அண்ணியத்தான்" என்றார்.

அக்கா சோப்புக் கையோடு எழுந்து நின்றார். "அண்ணி பேரு அதுவா?" என்றவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "அண்ணே... இத்தன வருசம் சுவத்துக்குச் சுவரு. நான் கேட்டதே இல்லயே அண்ணே."

"நானே கூப்பிட்டதில்ல. நீ எங்க கேட்டிருக்கப் போற, விடு."

அக்கா புறங்கையால் கண்ணைத் துடைக்கப் போய்ச் சோப்புப் பட்டு, இன்னும் அழுதார். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நான் வெலகல. பேசினது பேசினதுதான், எடுத்துக்க. பேரு போட வேணாம். ஆனா இன்னொரு பேரும் போடாத. சும்மா 'வூட்டுக்காரி'ன்னே விட்டுடு. அப்பிடித்தான இருந்தா."

அப்படியே செய்தேன். என் ஆய்வில் மற்றவர்களின் மனைவிமாருக்கெல்லாம் மாற்றுப் பெயர் உண்டு. இவருடைய பகுதியில் மட்டும் வூட்டுக்காரி என்றே வரும். டாக்டர் காரணம் கேட்டார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்தப் பக்கத்தைத் திருத்தச் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் கிளம்பும்போது மாமா கேட் வரை வந்தார். நான் காரில் ஏறிக் கதவைச் சாத்தப் போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டார்.

"நீ இதெல்லாம் படிக்கறவ. ஒண்ணு கேக்கவா? அவ இருக்கறப்ப, என்னைக்காச்சும் ஒரு நாள் நான் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா, அவளுக்குத் தெரிஞ்சிருக்குமாம்மா, தன்னத்தான் கூப்பிடறேன்னு?"

தெரிந்திருக்கும் மாமா என்று சொல்லியிருக்கலாம். யாராயிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர் ஆறுதலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தெரியல மாமா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினார்.